காபெட்டும் வேண்டும், பூனையும் வேண்டும்: திருகோணமலை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழை இறங்கி இரண்டு கிழமை போனால் திருகோணமலையில் நாய், பூனை வளர்க்கும் வீடுகளில் கேட்கிற முறைப்பாடு ஒன்றுதான்: "ஆடி, ஆவணியில ஒரு மணமும் இல்லை. இப்ப ஹோலுக்குள்ள வந்தாலே மூக்கைப் பொத்த வேண்டியிருக்கு." பூனை புதிதாக எதுவும் செய்திருக்காது. வைகாசியில் பெய்ததுதான் கார்த்திகையில் மணக்கிறது.

சிறுநீரில் இருக்கும் யூரியாவை பக்டீரியாக்கள் உடைத்து அமோனியாவாக்கும். முதல் நாள் மூக்கைக் குத்துவது அதுதான். அது காற்றோடு போய்விடும். போகாமல் நிற்பது யூரிக் அமிலம். அது காய்ந்து சிறு பளிங்குகளாக நாரோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் இலேசில் கரையாது, சவர்க்காரத்துக்கும் மசியாது. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் சும்மா கிடந்துவிட்டு, காற்றில் ஈரம் ஏறியதும் மீண்டும் மணக்கத் தொடங்கும். பூனைக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு. பெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் அதன் சிறுநீரில் இருக்கிறது. கருத்தடை செய்யாத கடுவனில் அது கூடுதல். அதனால்தான் கடுவன் பெய்த இடம் தனியாகத் தெரியும்.

ஆகவே இந்த ஊரில் காபெட் பராமரிப்பு என்றால் பாதி வேலை சுத்தம் செய்வது, மற்றப் பாதி காயவைப்பது. வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லும் முறைகள் பல நம்மிடம் பிழைப்பது இரண்டாவது பாதியில்தான். அங்கே ஹீற்றர் போட்ட வறண்ட அறையில் ஒரு இரவில் காய்வது, மார்கழியில் உவர்மலையிலோ உப்புவெளியிலோ மூன்று நாளிலும் காயாது.

முதலில் உங்கள் காபெட் என்ன சாதி என்று பாருங்கள்

கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் உறவினர் கொண்டுவரும் மெசின் காபெட்டுகளில் பெரும்பாலானவை பொலிப்புரொப்பிலீன் நூல். நாய், பூனை வீட்டுக்கு இதைவிட நல்லது இல்லை. நூல் தண்ணீரை உறிஞ்சாது, கறை ஆழமாகப் பிடிக்காது. கம்பளி என்றால் கவனம் கூடுதலாக வேண்டும். அது ஈரத்தை நிறையக் குடிக்கும், சலவைச் சோடாவும் குளோரினும் அதை அரித்துவிடும். சணல், தும்பு விரிப்புகள் நனைந்தால் மண்ணிறக் கறை ஏறும், காய நாட்செல்லும். பட்டுப் போல மினுங்கும் விஸ்கோஸ் விரிப்பு இருந்தால் அதை மேசைக்கு மேல் சுவரில் மாட்டிவிடுங்கள். ஒருமுறை சிறுநீர் பட்டால் பழைய நிலைக்கு வராது.

எது என்று தெரியாவிட்டால் ஓரத்துக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை இழுத்து, குசினி சிங்குக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமயிர் எரிந்த மணம் வந்து கரி பொடியானால் கம்பளி. உருகிக் கட்டியானால் செயற்கை நூல். கடதாசி போல எரிந்து சாம்பலானால் பருத்தி அல்லது சணல். (சில காபெட்டுகளில் குஞ்சம் பருத்தியாகவும் மேற்பரப்பு வேறாகவும் இருக்கும். மேற்பரப்பிலிருந்தும் ஒரு மயிர் எடுத்துப் பார்ப்பது நல்லது.) பின்பக்கத்தில் றப்பர் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வெயிலில் வெடித்து உதிரும், ஈரத்தைக் கீழே அடைத்து வைக்கும்.

இனித்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால்: மயிர் குட்டையானது, ஒருவர் தனியாகத் தூக்கிக் கொடியில் போடக்கூடியது, றப்பர் இல்லாதது. சுவரிலிருந்து சுவருக்கு ஒட்டும் காபெட் இந்த ஊருக்கு வேண்டாம். நாய் இல்லாத வீட்டுக்கும் வேண்டாம் என்பேன். சுருள் நூல் காபெட்டில் பூனை நகத்தைக் கொழுவி இழுத்தால் வரிசையாகக் கழன்று வரும். வெட்டிய நூல் காபெட்டில் அந்தத் தொல்லை இல்லை.

மணலும் மயிரும்

காபெட்டைக் கெடுப்பதில் சிறுநீரைவிட மணல் மோசம். டச்சு விரிகுடாக் கரையில் ஓடிவிட்டு வரும் நாய் நகத்திடுக்கிலும் வயிற்று மயிரிலும் மணலைக் கொண்டுவரும். அந்த மணல் நூலின் அடிக்கு இறங்கி, நாம் நடக்க நடக்க நூலை அடியில் அறுக்கும். கூடவே வரும் கடலுப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கடலில் குளித்த நாய் காய்ந்த பிறகும் பிசுபிசுப்பாக, ஒருவித மக்கல் மணத்தோடு இருப்பதும் அதே உப்பால்தான். அது படுக்கும் இடமும் அப்படியே ஆகும்.

எனவே வாசலிலேயே வேலையை முடியுங்கள். வெளியே ஒரு தும்புக் கால்மிதி, உள்ளே ஒரு துணிக் கால்மிதி. படியடியில் ஒரு பேசினும் தண்ணீரும் இருக்கட்டும். கடற்கரையிலிருந்து வந்தால் நாலு காலையும் வயிற்றையும் நன்னீரில் அலசி, பழைய துவாயால் விரலிடுக்குவரை துடைத்த பிறகே உள்ளே. இரண்டு கிழமை விடாமல் செய்தால் பெரும்பாலான நாய்கள் தாங்களாகவே படியில் நின்று காலைக் காட்டும்.

மயிர் எடுக்க வக்கியூம் கிளீனர் கட்டாயம் என்றில்லை. பாத்திரம் கழுவும் றப்பர் கையுறையைச் சற்று ஈரமாக்கிப் போட்டு, காபெட்டை ஒரே திசையில் இழுத்துத் தடவுங்கள். மயிர் திரண்டு உருண்டு வரும். தரைத் தண்ணீர் தள்ளும் றப்பர் வைப்பரும் இதையே செய்யும், குனியவும் வேண்டாம். தும்புத்தடியால் கூட்டினால் மேலே கிடப்பது மட்டும் வரும், மற்றது உள்ளே போகும்.

வக்கியூம் இருந்தால் மெதுவாக இழுங்கள், நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை. வீட்டில் நாய் இருந்தால் கிழமைக்கு இரண்டு முறையாவது வேண்டும். மாதம் ஒருமுறை காபெட்டைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தில் வக்கியூம் பிடியுங்கள், அல்லது கையால் தட்டுங்கள். பிறகு நிமிர்த்தித் தூக்கினால் தரையில் ஒரு படை மணல் கிடக்கும். அதைப் பார்த்தவர்கள் அடுத்த மாதம் இந்த வேலையைத் தவறவிட மாட்டார்கள்.

சிறுநீர் பட்டவுடன்

இங்கே அவசரப்படுவது நல்லது, ஆனால் தேய்க்கக் கூடாது. ஆரோக்கியமான நாய் ஒரு நாளில் தன் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 மில்லிலீற்றர் சிறுநீர் பெய்யும். 15 கிலோ நாய் என்றால் நாளுக்கு 300 முதல் 600 மில்லிலீற்றர். ஒருதடவை பெய்வது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு வரும். மேலே கைப்பிடி அகலத்தில் தெரியும் ஈரம் கீழே அதைவிட அகலமாகப் பரவியிருக்கும். மேல் ஈரத்தை மட்டும் துடைத்து விடுவதால்தான் மழைக்கு மணம் திரும்புகிறது.

முதலில் பிராணியை வேறு அறையில் விடுங்கள். கையுறை போடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வரக்கூடும், அதுவும் மழைக்காலத்தில். காபெட்டின் அந்தப் பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கி, அடியில் மடித்த துணி வையுங்கள், மேலேயும் வையுங்கள். பழைய பருத்திச் சாரம் இதற்கு அருமையான சாமான், கடையில் விற்கும் துடைக்கும் தாளைவிட நன்றாகக் குடிக்கும். அதன் மேல் ஏறி நில்லுங்கள். துணியை மாற்றி மாற்றி, ஈரம் வராத அளவுக்கு ஒற்றி எடுங்கள். பாதிப் பிரச்சினை இந்தப் படியிலேயே வீட்டை விட்டுப் போய்விடும்.

அடுத்து பச்சைத் தண்ணீர். ஒரு கோப்பை அளவாக ஊற்றுங்கள், ஒற்றுங்கள், இன்னொருமுறை. சுடுதண்ணீர் வேண்டாம், ஸ்ரீம் கிளீனரும் வேண்டாம். சூடு கறையை நாரோடு இறுக்கிவிடும். கடற்கரைப் பக்கக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவராக இருக்கும். அந்தத் தண்ணீரில் உப்பை விட்டுவைப்பதைவிடக் குழாய்த் தண்ணீர் நல்லது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காது, பால்போலத் திரைந்து நூலில் படியும், பிறகு அழுக்கு வந்து ஒட்டும்.

இப்போது நொதியம், அதாவது என்சைம், கலந்த திரவம். பிராணிகளின் சிறுநீருக்கென்றே விற்பது. யூரிக் அமிலத்தையும் புரதத்தையும் உடைத்துப் போக்குவது இதுதான். மற்றதெல்லாம் மணத்தை மூடுவது. ஊர்க் கடைகளில் இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பித்து ஒரு போத்தல் கைவசம் வைத்திருங்கள். வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். சூட்டில் நொதியம் செத்துப்போகும். பாவிக்கும்போது பலர் ஸ்பிரே அடித்து உடனே துடைத்து விடுகிறார்கள். அது பணத்தை ஊற்றித் துடைப்பதுதான். சிறுநீர் எவ்வளவு ஆழம் போயிருக்குமோ அவ்வளவு ஆழம் இந்தத் திரவமும் போக வேண்டும். கறையைவிட அகலமாக ஊற்றி, மேலே பொலித்தீன் விரித்து, லேபிளில் சொன்ன நேரம்வரை ஈரமாகவே விடுங்கள். காய்ந்தால் வேலை நின்றுவிடும். இதற்கு முன்னர் வினாகிரி, சவர்க்காரம், பிளீச் எதுவும் பட்டிருந்தால் தண்ணீரால் நன்றாக எடுத்துவிடுங்கள். அவை நொதியத்தைக் கெடுக்கும். கம்பளியில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள்: கம்பளியே புரதம், புரதத்தைத் தின்னும் நொதியம் அதையும் தின்னும். கம்பளிக்கும் உகந்தது என்று போத்தலில் எழுதியிருந்தால் மட்டும் பாவியுங்கள்.

அந்தப் போத்தல் கையில் இல்லையா? புதுக் கறைக்கு வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு ஒற்றுங்கள். அமோனியா காரம், வினாகிரி அமிலம், ஒன்றையொன்று அடக்கும். யூரிக் அமிலப் பளிங்குக்கு இது வேலை செய்யாது என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரையில் வினாகிரி தேங்க விடவேண்டாம், மினுக்கம் போய்விடும்.

கடைசியாகக் காயவைத்தல். இரண்டு கதிரைகளின் முதுகில் காபெட்டைத் தொங்கவிட்டு, கீழிருந்து பான் பிடியுங்கள். கீழ்த்தரையையும் துடைத்துக் காயவையுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் காய்ந்தால் நல்லது. 48 தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பிறகு அதற்கு வேறு வைத்தியம் தேட வேண்டும்.

எங்கே என்று தெரியாத மணம்

மணக்கிறது, இடம் தெரியவில்லை. இரவில் லைற்றுகளை அணைத்துவிட்டு ஊதாக்கதிர் ரோர்ச் பிடித்துப் பாருங்கள். கள்ள நோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் லைற்றின் சிறிய வடிவம்தான். காய்ந்த சிறுநீர் மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிரும். சவர்க்காரத்தூள் மிச்சமும் ஒளிரும், ஆனால் அது நீலவெள்ளை. கண்ட இடத்தைச் சோக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டு, காலையில் மூக்கை வைத்து உறுதிசெய்யுங்கள். செற்றிக் கால், திரைச்சீலையின் கீழ்ப்பகுதி, சுவர் மூலை ஆகியவற்றையும் விடாதீர்கள். கடுவன் நின்றபடி பின்பக்கமாகப் பீச்சும், தரையில் தேடினால் கிடைக்காது.

பழைய கறைக்கு முதலில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, பிறகு நொதியத் திரவம். ஒருதடவையில் போகாது. வெளிர் நிறச் செயற்கை நூலில் நிறம் மட்டும் மிஞ்சினால் பாமசியில் விற்கும் 3 வீத ஐதரசன் பரவொட்சைட்டை முதலில் ஒரு மறைவான மூலையில் சோதித்துவிட்டுப் பாவிக்கலாம். கம்பளியிலும் கடும் நிறத்திலும் பாவித்தால் வெளிறிவிடும். வேறு எதனோடாவது கலந்திருந்தால் மிச்சத்தைப் போத்தலில் மூடி வைக்க வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கலாம்.

சத்தி, மலம், மஞ்சள்

மலம் இறுக்கமானது என்றால் எடுத்துவிட்டு அடியை ஒற்றினால் சரி. இளகியது என்றால் பழைய தொலைபேசி அட்டை போன்ற ஒன்றால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து எடுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் பரப்புவீர்கள். வழிக்க முடியாதது மிஞ்சினால் காயவிட்டுச் சுரண்டுவது சில நேரம் இலகு. கையை நன்றாகக் கழுவுங்கள். வட்டப்புழு முட்டைகள் சின்னப் பிள்ளைகளின் வாய்க்குப் போவது இப்படித்தான்.

சத்தியில் நமக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. சோறும் மீன்குழம்பும் தின்னும் நாய் மஞ்சளாகத்தான் சத்தி எடுக்கும். அதைக் கண்டதும் சவர்க்காரம் போடாதீர்கள், அப்பச்சோடாவும் போடாதீர்கள். மஞ்சள் காரத்தில் பட்டால் இரத்தச் சிவப்பாக மாறும், வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள். பச்சைத் தண்ணீரில் ஒற்றி, கொஞ்சம் வினாகிரி தொட்டு ஒற்றி, பிறகு வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளிறும். இதற்கு வெயிலைவிடச் சிறந்த மருந்து கடையில் இல்லை.

மீன் மணமும் அப்படித்தான். பூனை சாளைத் தலையைக் குசினியிலிருந்து இழுத்து வந்து காபெட்டில் வைத்துத் தின்பது இங்கே சாதாரண விசயம். மீன் மணத்தைத் தருவது ஒரு காரப் பொருள், ஆகவே அமிலத்துக்கு அடங்கும். மீன் வெட்டிய கைக்குத் தேசிக்காய் தேய்ப்பது அதற்காகத்தான். காபெட்டுக்கு மட்டும் தேசிக்காய் வேண்டாம், அதன் சீனி பிசுபிசுத்து எறும்பைக் கூப்பிடும். வெள்ளை வினாகிரி போதும்.

குசினி வைத்தியமும் சில ஆபத்துகளும்

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் சேர்த்து ஊற்றிப் பொங்கவிடும் முறை எல்லாருடைய கைபேசியிலும் இருக்கிறது. பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துவிட்டு மிஞ்சுவது ஏறத்தாழ உப்புத் தண்ணீர். தனித்தனியாக இரண்டும் நல்லவை: சிறுநீரின் அமோனியாவுக்கு வினாகிரி, நாய் படுக்கும் இடத்தில் ஏறும் எண்ணெய் வாடைக்கு அப்பச்சோடா. காபெட் நன்றாகக் காய்ந்திருக்கும்போது மாலையில் மெல்லியதாகத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் வக்கியூம் பிடியுங்கள். மழைக்காலத்தில் இதைச் செய்ய வேண்டாம். ஈரம் குடித்துக் கட்டியாகி நூலுக்குள் சிமெந்து போல இருக்கும்.

சாம்பிராணி போடுவது, வாசனை ஸ்பிரே அடிப்பது, இவற்றால் விருந்தாளி வந்து போகும்வரை தாங்கலாம். பூனையின் மூக்குக்கு அந்த மணத்துக்கு அடியில் தன் மணம் தெரிந்துகொண்டே இருக்கும், அதே இடத்துக்கு மறுபடி வரும்.

டெட்டோலும் பினைலும் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், நம் வீடுகளில் எதற்கும் அவைதான் முதல் மருந்து. இவற்றில் இருக்கும் பினோல் வகைப் பொருள்களை உடலில் உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அவை ஊறிய காபெட்டில் நடந்துவிட்டுப் பூனை காலை நக்கினால் நஞ்சு உள்ளே போகும். பூனை உள்ள வீட்டில் தண்ணீர் கலந்தும் வேண்டாம். அலுமாரிப் பூச்சி உருண்டையும் அப்படியே, நாய்க்கும் கூடாது. பிளீச்சைச் சிறுநீர் மேல் ஊற்றினால் அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு வரும். வினாகிரியோடு சேர்த்தால் குளோரின் வாயு. மூடிய அறையில் இரண்டும் மனிதருக்கே ஆபத்து. அமோனியா கலந்த தரைத் திரவம் சுத்தம் செய்யும், ஆனால் நாய்க்கு அது "இங்கே பெய்யலாம்" என்று எழுதி வைத்தது போல.

தெள்ளும் உண்ணியும்

நாய் சொறிந்தால் நாயைப் பார்க்கிறோம், காபெட்டைப் பார்ப்பதில்லை. தெள்ளு நாயின் மேல் முட்டை இடும், முட்டை வழுக்கிக் கீழே விழும். புழு காபெட்டின் அடியில் இருட்டில் வளரும், கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் காத்திருக்கவும் செய்யும். வெப்பமும் ஈரமும் இருந்தால் முட்டையிலிருந்து வளர்ந்த தெள்ளாக மூன்று, நாலு கிழமை போதும். நமது ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே நாளில் மிருக வைத்தியர் சொன்ன மருந்து போடுங்கள். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரச்செய்து கொன்றுவிடும். அதே நாளிலிருந்து இரண்டு கிழமைக்குத் தினமும் வக்கியூம். அதன் அதிர்வுக்குக் கூட்டுப்புழு வெளியே வரும், வந்தால் மருந்து போட்ட பிராணியில் ஏறிச் சாகும். வக்கியூம் பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். படுக்கைத் துணிகளை நல்ல சுடுதண்ணீரில் தோயுங்கள். காபெட்டைக் கொதிக்கும் சீமெந்து முற்றத்தில் ஒரு பகல் விரித்தால் புழுக்கள் தாங்காது. வறட்சியில் அவை செத்துப்போகும். மண்ணெண்ணெய் தெளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தெள்ளைவிட வீடு சீக்கிரம் எரியும்.

உண்ணி காபெட்டைவிடச் சுவர் வெடிப்பிலும் கட்டில் பொருத்திலும் ஒளியும். பிரட்றிக் கோட்டைப் பக்கம் நாயை நடக்கக் கொண்டுபோனால், மானும் மாடும் படுத்தெழும்பிய புல்லில் புரளவிடாமல் பிடியுங்கள். வந்ததும் காது மடிப்பையும் விரலிடுக்கையும் தடவிப் பாருங்கள்.

வருடத்துக்கு ஒரு பெரிய கழுவல்

இதற்கு நாள் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தில் அல்ல. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேல் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி நம் பக்கம் இறங்குகிறது. கச்சான் வீசும் அந்த நாட்களில் காலை ஏழு மணிக்கு நனைத்த காபெட் பின்னேரத்துக்குள் காயும். கடற்காற்று எழும்பும் நாள் என்றால் உப்பீரம் வந்துவிடும், அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

முதல்நாள் இரு பக்கமும் தட்டி மணலை எடுத்து விடுங்கள். மணலோடு நனைத்தால் சேறாகும். ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். போனால் வீட்டில் கழுவ வேண்டாம். சாய்வான சீமெந்து முற்றத்திலோ மொட்டை மாடியிலோ விரித்து, கம்பளி என்றால் ஷாம்பூ போன்ற மென்மையான திரவம், செயற்கை நூல் என்றால் சாதாரண தோய்க்கும் திரவம் கொஞ்சம் கரைத்து, மென்மையான பிரஸ்ஸால் நூல் படுத்த திசையில் தேயுங்கள். கிணற்றடியில் செய்யாதீர்கள். அழுக்குத் தண்ணீர் மீண்டும் கிணற்றுக்குள்தான் போகும். பாயைக் கடலில் அலசிக் கொண்டுவரும் வழக்கம் சிலரிடம் உண்டு. காபெட்டுக்கு அது கூடாது, அந்த உப்பு மாரி முழுவதும் ஈரம் இழுக்கும்.

நுரை வராத வரைக்கும் அலசுங்கள். சவர்க்காரம் மிஞ்சினால் ஒரு மாதத்தில் முன்பைவிட அழுக்காகும். றப்பர் வைப்பரால் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை தண்ணீரைத் தள்ளுங்கள், சுருட்டி ஏறி மிதியுங்கள், விரித்து மறுபடி தள்ளுங்கள். மெல்லிய கொடிக் கம்பியில் போட்டால் நடுவில் மடிப்பு விழும். மதில் மேலோ, இரண்டு மூங்கில் தடிக்கு மேலோ போடுங்கள். பின்பக்கம் வெயிலுக்கு, முகம் நிழலுக்கு. அடியைக் கைவைத்துப் பார்த்துக் குளிர்ச்சி இல்லாவிட்டால்தான் காய்ந்தது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் தொழுகை விரிப்புகள் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: தொழுது முடிந்ததும் மடித்து உயரத்தில் வைப்பது. பூனை வீட்டில் சுற்றினால் அதை விடாமல் கடைப்பிடியுங்கள், அந்த விரிப்புகளுக்கு வேறெந்தப் பராமரிப்பும் தேவைப்படாது.

மாரியில்

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெரிய காபெட்டைச் சுருட்டி வைப்பதுதான் என் ஆலோசனை. நன்றாகக் காய்ந்த பின், முகம் உள்ளே இருக்க ஒரு குழாயில் சுற்றி, பொலித்தீனில் அல்லாமல் பருத்திப் படங்கில் சுற்றி, தரையில் முட்டாமல் அலுமாரிக்கு மேல். பழைய வீடுகளில் சீமெந்துத் தரைக்குள்ளால் நிலத்து ஈரம் மேலே வரும். காபெட் அதற்கு மூடி போட்டது போலாகி அடியில் பூஞ்சணம் பூக்கும். அந்த மாதங்களில் தோய்க்கக்கூடிய சின்னப் பருத்தி விரிப்புகள் மூன்று, நாலு போதும். மழை விட்ட இடைவெளியில் யன்னல்களைத் திறந்து பான் போட்டு வையுங்கள்.

மறுபடி மறுபடி பெய்தால்

காபெட்டை எத்தனை தரம் கழுவினாலும் பிராணி வந்து பெய்தால் பிரயோசனமில்லை. நாய்க்குட்டி எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் அத்தனை மணித்தியாலம்தான் அதிகபட்சம் அடக்கும். தூங்கி எழும்பியதும், தின்றதும், விளையாடி முடிந்ததும் வெளியே கொண்டு போங்கள். பழகும்வரை காபெட் சுருட்டியே இருக்கட்டும். மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது குட்டிக்கு ஒளித்துப் பெய்யக் கற்றுக்கொடுப்பதுதான்.

பூனைக்கு மண்பெட்டி. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வையுங்கள், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி. கடல்மணல் இலவசம் என்று பலர் பாவிக்கிறார்கள். உப்பால் ஈரமாகவே கிடக்கும், காலில் ஒட்டிக் காபெட்டுக்கு வரும். ஆற்றுமணல் பரவாயில்லை. தச்சுப் பட்டறை மரத்தூள், தும்புத்தூள் இன்னும் நல்லவை, ஈரத்தை நன்றாகக் குடிக்கும். தினமும் அள்ள வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் அந்த வேலையை வேறு யாரிடமாவது விடவேண்டும். கடுவனுக்குக் கருத்தடை செய்தால் பீச்சும் பழக்கம் பெரும்பாலும் நின்றுவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும், ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று காபெட்டில் பெய்யத் தொடங்கினால் அது வருத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம். அதிலும் கடுவன் அடிக்கடி குந்தி, முக்கி, சொட்டுச் சொட்டாக வந்தால் அல்லது ஒன்றுமே வராவிட்டால், சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போகும். காபெட்டை விட்டுவிட்டு அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள்.

எப்போது கைவிடுவது

பின்பக்கம் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் ஏறி, வெயிலில் போட்டுத் தட்டியும் மணம் போகாவிட்டால், அல்லது றப்பர் பிசுபிசுத்துத் தரையில் ஒட்டினால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். புதியதை விரிக்கும் முன் கீழ்த்தரையைப் பாருங்கள். பூச்சு இல்லாத சீமெந்து சிறுநீரைக் குடித்திருக்கும். நொதியத் திரவத்தால் தரையை நனைத்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு, தரைப் பெயின்ற் ஒரு பூச்சு கொடுத்த பிறகே விரியுங்கள். பழையதை நாலாக வெட்டி இறுக்கிக் கட்டி, குப்பை லொறி வரும் காலையிலேயே வெளியே வையுங்கள். முதல்நாள் இரவே வைத்தால் தெருநாய்கள் விடியுமுன் அதில் படுத்திருக்கும்.